மேகத்துக்கு அடியில் வந்த புகை: திருகோணமலை, டிசம்பர் 2022 – நிகழ்வு ஆய்வு

2022 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை, நாடு முழுவதும் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. மாரியில் வெள்ளம் வந்து பள்ளிக்கூடம் மூடுவது கிழக்கு மாகாணத்துக்குப் புதிதல்ல. காற்றின் தரம் சரியில்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி மூடியதுதான் புதிது. கொழும்பு மங்கிக் கிடந்தால் வாகனப் புகை என்று சொல்லிவிட்டுப் போகலாம். கடலும் குடாவுமாகச் சூழ்ந்திருக்கிற திருகோணமலை, அதுவும் மழைக்காலத்தின் நடுவில், ஏன் சாம்பல் பூத்துப் போக வேண்டும்?

விளக்கம் உடனேயே வந்தது. வங்காள விரிகுடாவில் உருவான தாழமுக்கம் இந்தியப் பக்கத்து அசுத்தக் காற்றை இலங்கைக்கு மேலே இழுத்து வந்துவிட்டது என்று காற்றுத் தரத்தை அளக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. விளக்கம் சரிதான். ஆனால் அதைக் கேட்டவர்களில் பலர், சூறாவளி எங்கிருந்தோ ஒரு அழுக்கைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது, இனி இப்படி வராது என்று எடுத்துக்கொண்டார்கள். கடலுக்கு மேலே மிதக்கும் துணிக்கைகளைச் செய்மதிகள் இருபது வருடத்துக்கு மேலாக அளந்து வருகின்றன. அந்தத் தரவைப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. அழுக்கு ஒவ்வொரு வாடைக்கும், அதாவது வடகிழக்குக் காற்று வீசும் ஒவ்வொரு பருவத்திலும், அந்தக் கடல்மேல் இருக்கிறது. அந்தத் தாழமுக்கம் வலுத்து உருவான மாண்டஸ் சூறாவளி மாற்றியது அதன் வழியையும் வேகத்தையும் மட்டுமே. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த நாட்களில் திருகோணமலைக்கு மேலே என்ன இருந்தது என்பதைச் செய்மதியால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

வருடம் முழுக்க கடல்மேல் என்ன இருக்கிறது

முதலில் அளவு. செய்மதி தருவது ‘ஒளியியல் தடிமன்’ என்ற ஒரு எண். தலைக்கு மேலேயுள்ள காற்றில் மிதக்கும் துணிக்கைகள் எல்லாம் சேர்ந்து நேர் வெயிலை எவ்வளவு தடுக்கின்றன என்பதை அது சொல்லும். அந்த எண் 0.1 என்றால், சூரியன் உச்சியில் நிற்கும்போது நேர் ஒளியில் ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். 0.5 என்றால் 39 சதவீதம், 1 என்றால் 63 சதவீதம். மனிதர் நடமாட்டமில்லாத தெற்குச் சமுத்திரங்களின் மேல் இது 0.1க்கு உள்ளேயே நிற்கும். வங்காள விரிகுடாவின் வடக்குப் பாதியில் குளிர்காலத்தில் 0.4, 0.5 எல்லாம் சாதாரணம். தெற்கே வர வரக் குறையும். நம்முடைய அகலக்கோட்டுக்கு வரும்போது அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். ஆனாலும் சுத்தமான கடலின் அளவைவிட அது இரண்டு மூன்று மடங்கு.

டிசம்பர் தொடக்கம் மார்ச் வரை காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. கங்கைச் சமவெளியில் அப்போது குளிர்காலம். நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும். மேலே இளஞ்சூடான காற்று நிற்பதால் கீழேயுள்ளது எழும்பாது. அடுப்புப் புகை, செங்கற்சூளை, டீசல், அனல்மின் நிலையங்கள் எல்லாம் அந்தத் தாழ்ந்த படலத்துக்குள்ளேயே தேங்கும். பஞ்சாப், ஹரியானா பக்கம் ஒக்டோபர், நவம்பரில் எரிக்கிற நெல்வைக்கோலின் புகையும் அதற்கு முன்பே அதில் சேர்ந்திருக்கும். இமயமலை வடக்கே போக விடாது. மெல்ல நகர்ந்து கங்கை முகத்தால் வெளியேறி விரிகுடாவுக்கு மேலே இறங்குவதுதான் ஒரே வழி. செய்மதிப் படத்தில் தெளிவான ஜனவரி நாளொன்றில் பார்த்தால், கல்கத்தாவுக்குத் தெற்கே கடலின் நீலத்தின் மேல் ஒரு சாம்பல் திரை தென்மேற்கு நோக்கிச் சாய்ந்து கிடப்பது கண்ணுக்கே தெரியும்.

இதை முதலில் பெரிய அளவில் ஆராய்ந்தது 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இந்து சமுத்திரப் பரிசோதனை. தமிழ்நாட்டில் பிறந்த வீரபத்ரன் ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற போல் குருட்ஸனும் அதற்குத் தலைமை தாங்கினார்கள். கப்பல், விமானம், செய்மதி, மாலைதீவின் காஷிதூ தீவிலிருந்த அவதான நிலையம் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய ஒரு கோடி சதுர கிலோமீற்றர் பரப்பில், மூன்று கிலோமீற்றர் உயரம் வரைக்கும் ஒரு பழுப்புப் படலம் கிடந்தது. அதன் பெரும்பகுதி மனிதர் எரித்ததால் வந்தது. கடலுக்கு மேலே காற்று சுத்தம் என்ற நம்பிக்கை அதோடு போயிற்று.

எரித்தது எதை என்ற கேள்விக்குப் பத்து வருடம் கழித்து, 2009இல் பதில் வந்தது. மாலைதீவின் ஹனிமாதூவிலும் இந்தியாவின் மேற்குப் பகுதியிலும் பிடித்த கரித்துணிக்கைகளில் கார்பன்-14 எவ்வளவு என்று பார்த்தார்கள். நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்தவை, அவற்றில் கார்பன்-14 மிச்சமிருக்காது. விறகிலும் வைக்கோலிலும் சாணத்திலும் இருக்கும். கணக்குப் பார்த்தால் கரித்துணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு விறகு, பயிர்க்கழிவு வகையறா. ‘தொழிற்சாலைப் புகை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கந்தளாய்ப் பக்கம் பெரும்போக அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்குத் தீ வைக்கிற நாமும் அந்தக் கணக்கில் கொஞ்சம் இருக்கிறோம்.

மார்ச், ஏப்ரல் ஆனால் வாடை ஓயும். காற்று பலவீனமாகும், மழை இல்லை, படலம் கலையாது. திருக்கடலூரில் மீன்பிடிப் படகு வைத்திருக்கும் ஒரு சம்மாட்டியிடம் இதைப் பற்றிப் பேசியபோது, “தம்பி, மாசி பங்குனியில கொஞ்சத் தூரம் போனாலே மலை மறைஞ்சிடும். ஆடியில எவ்வளவு தள்ளிப் போனாலும் தெரியும்” என்றார். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையை அடையாளம் வைத்துத் தொழிலுக்குப் போய் வந்த தலைமுறை அவருடையது. நூறு மீற்றர் உயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் ஏறக்குறைய 36 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும், அதுவும் காற்று தெளிவாக இருந்தால். மாசியில் கோயிலடியிலிருந்து கிழக்கே பார்த்தால் கடல் எங்கே முடிகிறது என்று தெரியாது. சூரியன் கடலிலிருந்து எழாது. இரண்டு விரற்கடை மேலே வந்த பிறகு, கண் கூசாத ஒரு சிவப்பு வட்டமாக மெல்லத் தோன்றும்.

சோளகம் தொடங்கினால் படம் தலைகீழ். மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. மத்திய மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்கும்போது அது கச்சான், காய்ந்த சுடுகாற்று. செய்மதிக் கணக்கில் இந்த மாதங்களில் விரிகுடாவின் தெற்கில் நுண்துணிக்கையின் பங்கு குறைந்து பருந்துணிக்கையின் பங்கு கூடும். காரணம் உப்பு. வேகமான காற்று அலையின் தலையை உடைக்க, நுரைக்குமிழிகள் வெடித்து உப்புத்துளிகள் காற்றில் ஏறும். காற்றின் வேகம் கூடினால் உப்பும் கூடும். அரபிக்கடலில் இதே பருவத்தில் அரேபியப் பாலைவனத் தூசும் சேர்ந்து அங்கே வருடத்தின் உச்ச அளவு ஜூன், ஜூலையில் வரும். நம் பக்கம் அந்த அளவுக்கு இல்லை.

இதில் நிலாவெளிக்காரருக்கு ஒரு முரண் தோன்றும். உப்பு சோளகத்தில்தான் அதிகம் என்கிறது செய்மதி. நம் ஜன்னல் கண்ணாடியில் விரலை இழுத்தால் ஒட்டுகிற உப்புப் படை வருவதோ வாடைக்கு. கம்பிக்கதவு துருப்பிடிப்பதும் வாடைக்குத்தான். இரண்டும் உண்மை. சோளகத்தில் நம் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் தண்ணீர் படிந்து கிடக்கும், உப்பு கிளம்புவது நடுவிரிகுடாவில். வாடைக்கு அலை நம் கரையிலேயே உடைகிறது, காற்றும் வீட்டுப் பக்கமே வீசுகிறது. பத்துக் கிலோமீற்றர் சதுரத்தின் சராசரியை எடுக்கிற கருவிக்கு நம் வாசலில் உடையும் அலை தெரியாது.

ஒக்டோபர் வந்தால் மழை. திருகோணமலையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விழுகிறது. மழை துணிக்கைகளைக் கழுவிவிடும். மழையில்லாவிட்டால் அவை ஒரு வாரம்வரை காற்றில் நிற்கும். ஆகவே டிசம்பர் என்பது இரண்டு விசைகள் முட்டுகிற மாதம்: வடக்கிலிருந்து புகை வரத் தொடங்கிவிட்டது, இங்கே மழை இன்னும் விடவில்லை. பெரும்பாலான வருடங்களில் மழை வெல்லும்.

கருவி பார்க்கும் விதம்

இங்கே அதிகம் பயன்படுவது மோடிஸ் என்ற கருவி. டெரா செய்மதி 1999 டிசம்பரிலும் அக்குவா 2002 மேயிலும் ஏவப்பட்டன, இரண்டிலும் அது இருக்கிறது. 705 கிலோமீற்றர் உயரத்திலிருந்து முதலாவது காலை பத்தரை அளவிலும் மற்றது பகல் ஒன்றரை அளவிலும் நம்மைக் கடக்கும்படி வைத்தார்கள். (அண்மை வருடங்களில் எரிபொருளை மிச்சம் பிடிக்க இரண்டையும் மெல்ல விலக விட்டிருக்கிறார்கள். பழைய வருடங்களோடு புதியவற்றை ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.)

ஆழ்கடல் மேலிருந்து பார்த்தால் சிவப்பிலும் அகச்சிவப்பிலும் கிட்டத்தட்ட கறுப்பு. கறுப்புப் பின்னணியில் துணிக்கைகள் சிதறடிக்கும் ஒளி தனியாகத் தெரியும். பல அலைநீளங்களில் அதை ஒப்பிட்டால் துணிக்கை நுண்ணியதா பருத்ததா என்றும் ஊகிக்கலாம். நுண்துணிக்கை குறுகிய அலைகளை அதிகம் சிதறடிக்கும், உப்பும் தூசும் எல்லா அலைகளையும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சிதறடிக்கும். நிலத்தைவிடக் கடல்மேல் கணக்கு நம்பகமாக வருவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் திருகோணமலைக் கடலுக்கு மூன்று தொல்லைகள் உண்டு. ஒன்று வெயிலின் பளபளப்பு. கடல் கண்ணாடியாக மின்னும் இடத்தில் கருவி கணக்கைக் கைவிட்டுவிடும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் நமக்கு நேர் மேலே நிற்கிற நாட்களில் இந்தப் பளபளப்புப் பட்டை நம் அகலக்கோட்டிலேயே விழும். புகைமூட்டம் நன்றாகத் தெரியவேண்டிய காலத்தில் படத்தில் ஓட்டை.

இரண்டாவது கொட்டியாரக்குடா. மகாவலி மூதூர்ப் பக்கம் கடலில் விழுகிறது. மாரியில் ஆறு பெருகிச் சேறு குடாவுக்குள் பரவினால் தண்ணீர் கறுப்பாக இருக்காது, வெளிறிப்போகும். அந்த வெளிர்ப்பைக் கருவி துணிக்கை என்று கணக்கில் போட்டுவிடலாம். சேற்றுநீரைப் பிரித்து ஒதுக்க ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள், ஆனாலும் குடாவுக்குள் வருகிற ஒரு தனிச் சதுரத்தை டிசம்பரில் நான் நம்புவதில்லை. கரையிலிருந்து ஐம்பது கிலோமீற்றராவது தள்ளியிருக்கும் சதுரங்களையே எடுப்பேன்.

மூன்றாவது தொல்லை மேகம், இந்த நிகழ்வின் மையமே அதுதான். மேகம் இருக்கும் சதுரத்தில் எண் கிடையாது. நாசா இலவசமாகத் திறந்துவைத்திருக்கும் வேர்ல்ட்வியூ தளத்தில் எந்த வருடத்தின் டிசம்பரையும் எடுத்து ஒளியியல் தடிமன் அடுக்கைப் போட்டுப் பாருங்கள். வடக்கே ஒடிசா, ஆந்திரக் கரைக்கு எதிரே நிறம் ஒழுங்காக நிரம்பியிருக்கும். இலங்கையை நெருங்க நெருங்கக் கிழிந்த துணி மாதிரி ஓட்டை ஓட்டையாகி, நம் கரையருகே இரண்டொரு சதுரம் தனித்துக் கிடக்கும். மாதச் சராசரி எடுத்தாலும் அது மேகமில்லாத நாட்களின் சராசரிதான். மேகமில்லாத நாள் என்றால் மழையில்லாத நாள், அதாவது துணிக்கை கழுவப்படாத நாள். டிசம்பரின் சராசரி எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு பேசுவது ஆபத்து.

இவை தவிர, ஒளியியல் தடிமன் மூக்குக்கு நேரே உள்ள காற்றின் அளவல்ல. மேலே மூன்று கிலோமீற்றரில் நிற்கும் புகையும் தரையில் நிற்கும் புகையும் அதற்கு ஒன்றுதான். 2006 முதல் 2023 வரை இயங்கிய கலிப்சோ செய்மதி லேசர் துடிப்புகளை அனுப்பி உயரத்தைப் பிரித்துக் காட்டியது. குளிர்காலத்தில் விரிகுடாவின் மேல் புகை பெரும்பாலும் கீழே ஒட்டிக் கிடக்கிறது. கோடை நெருங்க, நிலம் சூடாகிக் காற்று உயர எழும்பத் தொடங்கும்போது, படலம் மேலே ஏறி ஒன்று முதல் மூன்று கிலோமீற்றர் உயரத்தில் கடற்காற்றின் மேல் சவாரி செய்கிறது. ஆகவே பங்குனியில் செய்மதி எண் பெரிதாக இருந்தும் கீழே மூச்சுக்குப் பெரிய கஷ்டம் இருக்காது. மார்கழியில் அதைவிடச் சிறிய எண்ணுக்கே நெஞ்சு இறுகலாம்.

டிசம்பர் 6 முதல் 10 வரை

சரி, நிகழ்வுக்கு வருவோம். விரிகுடாவின் தென்கிழக்கில் உருவான தாழ்வு டிசம்பர் 6 அளவில் தாழமுக்கமாக வலுப்பெற்று, 7ஆம் திகதி இரவு சூறாவளியாகி மாண்டஸ் என்ற பெயர் பெற்றது. மேற்கு-வடமேற்காக நகர்ந்து, நம் கரைக்கு வடகிழக்கே கடந்துபோய், 9ஆம் திகதி இரவு மாமல்லபுரத்துக்கு அருகே கரையேறியது.

வட அரைக்கோளத்தில் தாழமுக்கத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகச் சுழலும். மையம் நமக்குக் கிழக்கே, தென்கிழக்கே இருக்கும்போது நம் மேல் வீசுவது வடக்குக் காற்று. அதே நேரத்தில் இந்தியத் துணைக்கண்டத்தின் மேல் குளிர்கால உயரமுக்கம். இரண்டுக்கும் நடுவே, இந்தியாவின் கிழக்குக் கரை நெடுகிலும், காற்று வழக்கமான வாடையைவிட வேகமாகத் தெற்கே ஓடும். விசாகப்பட்டினம் இங்கிருந்து சுமார் 1,000 கிலோமீற்றர், கங்கை முகம் சுமார் 1,600. மணிக்கு 30 கிலோமீற்றரில் காற்று வந்தால் முதலாவதிலிருந்து ஒன்றரை நாள், இரண்டாவதிலிருந்து இரண்டேகால் நாள். துணிக்கையின் ஆயுள் ஒரு வாரம் என்றால் இது ஒன்றுமே இல்லை. வழியில் கழுவிவிட மழை வேண்டும். டிசம்பரில் ஆந்திரா, ஒடிசாக் கரைகள் காய்ந்து கிடக்கும் காலம். மழைப்பட்டை தெற்கே சூறாவளியைச் சுற்றி மட்டும் இருந்தது. புகை பாதி வழியை மழையே இல்லாமல் கடந்துவிட்டது.

பிறகு மையம் நமக்கு வடகிழக்கே போனதும் திருகோணமலையின் காற்று வடமேற்காகத் திரும்பியது. அப்போது வந்தது கடற்காற்றே அல்ல. இந்தியக் கரையையும் பாக்கு நீரிணையையும் வன்னியையும் தடவி வந்த நிலக்காற்று. குளிரும் அதோடு வந்தது. அதே நாட்களில் மழையும் காற்றும் குளிரும் தாங்காமல் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான ஆடு மாடுகள் செத்துப்போனது பலருக்கு நினைவிருக்கும். பத்திரிகைகள் அதை ஒரு பக்கத்திலும் காற்று மாசை இன்னொரு பக்கத்திலும் போட்டன. வடக்கிலிருந்து இறங்கிய அதே குளிர்ந்த காற்றின் இரண்டு முகங்கள் அவை என்பது என் வாசிப்பு.

செய்மதி இதில் எதைப் பார்த்தது? விரிகுடாவின் தென்மேற்கு மூலை முழுக்கச் சூறாவளியின் வெள்ளை மேகம். திருகோணமலைக்கு எதிரே எண் எடுக்க இடமில்லை. புகை மேகத்துக்கு மேலே இருந்திருந்தால், 2017இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி போன்ற செய்மதியின் புறஊதாக் குறிகாட்டி அதைப் பிடித்திருக்கும். ஒளியை உறிஞ்சும் கரியை வெள்ளை மேகத்தின் பின்னணியில் கண்டுபிடிப்பது அதற்குச் சுலபம். ஆனால் குளிர்காலப் புகை தாழ்ந்து போவது, மேகத்துக்கு அடியிலேயே வரும். மேலிருந்து பார்க்கிற எந்த ஒளிக்கருவிக்கும் அது மறைவிடம்தான்.

தரைக்கருவிகள் பார்த்தன, அதனால்தான் பாடசாலை மூடப்பட்டது. இங்கே ஒரு சின்ன விஷயம். நுண்துணிக்கைக்கு இலங்கைச் சட்டம் வைத்திருக்கும் 24 மணிநேர எல்லை கன மீற்றருக்கு 50 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்த வழிகாட்டல் 15. இரண்டுக்கும் நடுவில் விழுகிற நாட்களை நம் கணக்கு ‘சரி’ என்று எழுதும். மாண்டஸ் நாட்கள் இரண்டு எல்லைகளையும் தாண்டியதால் எல்லோருக்கும் தெரிந்தது. நடுவில் விழும் தை, மாசி நாட்களைப் பற்றி யாரும் அறிவிப்பு விடுவதில்லை.

காற்று வரும் பக்கம் பார்ப்பது

வடக்கில் புகை குறைந்தால் தெற்கும் உடனே தெளியுமா என்பதற்கு 2020 கொரோனா ஊரடங்கு ஒரு சோதனை. மார்ச் கடைசியில் இந்தியா மூடப்பட்டதும் வட இந்தியாவின் மேல் துணிக்கை அளவு, அந்தப் பருவத்துக்கு, இருபது வருடத்தில் காணாத அளவு கீழே போனதாக நாசா அறிவித்தது. தென்னிந்தியாவின் மேல் அதே அளவு இறக்கம் தெரியவில்லை. சமவெளியின் குழாயை மூடினால் தெற்கிலும் உடனே தெளியும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதற்கு இது போதும். காற்றின் திசை, மழை, வயல் தீ எல்லாம் நடுவில் இருக்கின்றன.

இனி என்ன செய்யலாம்? திருகோணமலைக்கு மேலேயுள்ள சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் டிசம்பரில் பயனில்லை. அது ஓட்டையாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது காற்று வரும் பக்கம். விரிகுடாவின் தென்கிழக்கில் தாழமுக்கம் உருவாகிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்த அன்றே, விசாகப்பட்டினத்துக்கும் கங்கை முகத்துக்கும் எதிரேயுள்ள கடலைப் பாருங்கள். அங்கே வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும், எண் இருக்கும். அது வழமையான குளிர்கால அளவைவிடக் கூடி, மையம் நமக்குக் கிழக்கே வரும் என்று முன்னறிவிப்பும் சொன்னால், கையில் ஒன்றரை முதல் இரண்டு நாள் இருக்கிறது. ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் வளிமண்டலச் சேவை ஐந்து நாள் முன்னறிவிப்பை இலவசமாகத் தருகிறது. அது மோடிஸ் எண்களையும் உள்வாங்கிக் கணிப்பது. அதன் சதுரம் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் என்பதால் உப்புவெளிக்கும் கிண்ணியாவுக்கும் வித்தியாசம் சொல்லாது. வடக்கிலிருந்து ஒரு படலம் இறங்குகிறதா இல்லையா என்பதைச் சொல்லும், நமக்குத் தேவையும் அதுதான். வீட்டில் இழுப்புள்ள பிள்ளையோ முதியவரோ இருந்தால் மருந்தை எடுத்துவைக்கவும், பாடசாலை அதிபர் விளையாட்டுப் பயிற்சியைத் தள்ளிப்போடவும் இரண்டு நாள் தாராளம்.

2024 பெப்ரவரியில் ஏவப்பட்ட பேஸ் செய்மதியில் ஒளியின் முனைவாக்கத்தை (ஒளியலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை) அளக்கும் இரண்டு கருவிகள் இருக்கின்றன, உப்பையும் புகையையும் பிரிப்பதில் அவை மோடிஸை விடக் கூர்மை. அதே வருடம் மேயில் போன ஏர்த்கேர், கலிப்சோ விட்ட லேசர் வேலையைத் தொடர்கிறது. இரண்டுமே மேகத்துக்கு அடியில் பார்க்கப் போவதில்லை. அதற்குத் தரையில் கருவி வேண்டும், அதுவும் வாடை முதலில் முட்டும் இந்தக் கரையில்.